கையடக்க வேக சார்ஜர் வாங்குவதற்கு முன்: புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

2020 அக்டோபரில் ஐபோன் 12 வரிசையிலும், 2021 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்21 வரிசையிலும் பெட்டிக்குள் சார்ஜர் வைக்கும் வழக்கம் நின்றது. பிற நிறுவனங்கள் சிலவும் அவ்வழியே போனதால், போனோடு சேர்ந்து வந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை வாட் வேண்டும்?” என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. முதற்கேள்வி எது என்பது மூன்றாம் பதிலில் விளங்கும்.

புதிய போனின் பெட்டியில் சார்ஜர் இல்லை. எத்தனை வாட் சார்ஜர் போதும்?

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வாட். 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் 27 வாட் சார்ஜர். காதுக்கருவிப் பெட்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும் 5 வாட்டே அதிகம். இன்று விற்கும் போன்களில் பெரும்பாலானவை 18 முதல் 45 வாட் வரை ஏற்றுக்கொள்ளும். டேப்லெட்டுக்கு 20 முதல் 45 வாட் வரையும், டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் சிறிய மடிக்கணினிக்கு 45 முதல் 65 வாட் வரையும் தேவைப்படும். மடிக்கணினி இல்லாத வீட்டுக்கு 30 முதல் 45 வாட்டுக்குள் நல்ல சார்ஜர் ஒன்று போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குக் கொடுக்கும் பணமே.

65 வாட் சார்ஜரைப் பழைய போனில் செருகினால் போன் கெட்டுவிடாதா?

கெடாது. இந்த அச்சம் பரவலாக இருப்பதால் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். சார்ஜர் மின்சாரத்தைப் போனுக்குள் திணிப்பதில்லை. போன்தான் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. மாடித் தொட்டிக்குப் பெரிய மோட்டார் பொருத்தியிருந்தாலும் மிதவை வால்வு அனுமதிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் ஏறும் என்பதைப் போல, போனுக்குள் இருக்கும் மின்சுற்றுதான் அளவைத் தீர்மானிக்கிறது. செருகியவுடன் சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்குகிறது. அதன்பின் இரண்டும் டைப்-சி கேபிளில் இதற்கென உள்ள தனிக் கம்பி வழியாகப் பேசிக்கொண்டு, போன் கேட்டால் மட்டுமே 9 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ போகும். கேட்கத் தெரியாத பழைய போனுக்கு 5 வோல்ட்டைத் தாண்டி எதுவும் வராது.

பேட்டரியை உண்மையில் வருத்துவது வெப்பம். சித்திரை வெயிலில், கனமான உறை போட்ட போனைத் தலையணைக்கு அடியில் வைத்து வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதைவிட, அதே போனை உறை நீக்கி மின்விசிறிக் காற்றில் வைத்து அதே சார்ஜரில் ஏற்றுவது எவ்வளவோ மேல்.

இரண்டு சார்ஜர்களிலும் ஒரே வாட் எண்தான் இருக்கிறது. ஒன்றில் விரைவாகவும் மற்றதில் மெதுவாகவும் ஏறுவது ஏன்?

சார்ஜரும் போனும் ஒரே மொழி பேச வேண்டும். பேசாவிட்டால் 65 வாட் சார்ஜர்கூட அந்தப் போனுக்கு 10 அல்லது 15 வாட் சார்ஜராகச் சுருங்கிவிடும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, “இது என் போனின் மொழியைப் பேசுமா?” என்பதே.

பொதுமொழி என்று சொல்லத்தக்கது ‘பவர் டெலிவரி’, சுருக்கமாக பிடி. 2012-இல் வெளிவந்த இந்தத் தரம் 5, 9, 15, 20 வோல்ட் என்ற நிலையான படிகளில் மின்சாரம் தருகிறது. நெடுங்காலம் 100 வாட் அதன் உச்சமாக இருந்தது. 2021-இல் வந்த பதிப்பு அதை 240 வாட்டாக உயர்த்தியது. ஐபோன்கள், கூகுள் பிக்சல் போன்கள், பெரும்பாலான டேப்லெட்டுகள், மடிக்கணினிகள் எல்லாம் இந்த மொழியை அறிந்தவை.

இதன் கிளைமொழி ‘புரோகிராமபிள் பவர் சப்ளை’, சுருக்கமாக பிபிஎஸ். படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் போட்டாற்போல, 20 மில்லிவோல்ட் அளவுள்ள நுண்ணிய படிகளில் மின்னழுத்தத்தைப் போனின் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவது இதன் சிறப்பு. மின்னழுத்தத்தை இறக்கும் வேலை போனுக்குள் குறைவதால் அங்கே சூடும் குறைகிறது. சாம்சங் போன்களின் 25 வாட், 45 வாட் வேகங்களுக்கு பிபிஎஸ் கட்டாயம்; அது இல்லாத பிடி சார்ஜரில் சார்ஜ் ஏறும், ஆனால் அந்த வேகம் கிடைக்காது. சாம்சங் வைத்திருப்பவர் 65 வாட் சாதாரண பிடி சார்ஜரைவிட, பிபிஎஸ் உள்ள 25 வாட் சார்ஜரால் அதிகப் பயனடைவார் என்று சொன்னால் கடைகளில் நம்ப மறுக்கிறார்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

மூன்றாவது வகை, நிறுவனங்களின் வீட்டுமொழி. ஓப்போ 2014-இல் கொண்டுவந்த வூக் முறை, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டையொட்டித் தாழ்வாக வைத்து ஆம்பியரை உயர்த்தியது. பின்னர் வந்த 65 வாட் சூப்பர்வூக் 10 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் தருகிறது. ஒன்பிளஸ், ரியல்மி போன்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விவோவுக்கும் ஷாவ்மிக்கும் தத்தம் முறைகள் உண்டு. இத்தகைய போன்களைப் பொது பிடி சார்ஜரில் செருகினால் கெடாது. விளம்பரத்தில் சொன்ன வேகம் மட்டும் வராது. அந்த வேகம் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் சார்ஜரையும் அதோடு வரும் தடித்த கேபிளையும் சேர்த்தே வாங்க வேண்டும். வீட்டில் நான்கு பேரிடம் நான்கு நிறுவனப் போன்கள் இருந்தால், வேகத்தில் சற்று விட்டுக்கொடுத்து, பிடியும் பிபிஎஸ்ஸும் உள்ள ஒரு பொது சார்ஜரை வாங்குவதே சிக்கனம்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதை எப்படிப் படிப்பது?

கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறுங்கண்ணால் படிக்கக்கூடிய அளவில் அவர்கள் அச்சிடுவதில்லை. உள்ளீட்டு வரியில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் சரியும் கிராமங்களில்கூட அப்படிப்பட்ட சார்ஜர் தடுமாறாது. வெளியீட்டு வரியில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று தனித்தனியே எழுதியிருப்பவை பிடியின் நிலையான படிகள். ‘3.3 முதல் 11 வோல்ட் வரை’ என்பதுபோல ஒரு வீச்சு குறிக்கப்பட்டிருந்தால் அதுவே பிபிஎஸ். பெட்டியின் முன்பக்கத்தில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் இந்த வரி அதைக் காட்டிக்கொடுக்கும். ‘ஃபாஸ்ட்’, ‘டர்போ’, ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதி, வோல்ட்டும் ஆம்பியரும் பிரித்துச் சொல்லாத சார்ஜரைக் கீழே வைத்துவிடலாம்.

‘கேன்’ சார்ஜர் என்கிறார்களே, அது என்ன?

அது காலியம் நைட்ரைடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சார்ஜருக்குள் மின்சாரத்தை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அந்தச் சுவிட்ச் எவ்வளவு வேகமாக இயங்குகிறதோ அவ்வளவு சிறிய மின்மாற்றி போதும். மின்சாரம் பாய எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, வழக்கமான சுவிட்ச் செய்யப்படும் சிலிக்கானில் சுமார் 1.1 எலக்ட்ரான்வோல்ட்டாகவும் காலியம் நைட்ரைடில் சுமார் 3.4 ஆகவும் இருப்பதால், அது உயர் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் குறைந்த இழப்போடு தாங்குகிறது. மடிக்கணினிக்கு உடன் வந்த செங்கல் போன்ற கருப்புப் பெட்டி செய்த வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டி இன்று செய்வதற்கு இதுவே காரணம்.

20 வாட் சார்ஜருக்கு இது தேவையில்லை. சிலிக்கானிலேயே அது சிறியதாகத்தான் வருகிறது. 45 வாட்டும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள் இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம். அளவோடு எடையையும் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் தளர்ந்துபோன ப்ளக் பாயிண்டில் கனமான சார்ஜர் தொங்கித் தொங்கி இறங்கிவிடும். பாதி இறங்கிய பின்னில் தீப்பொறி பறப்பதும் அங்கேதான்.

நல்ல சார்ஜர் வாங்கியும் வேகம் வரவில்லை. கேபிளா காரணம்?

பெரும்பாலும் அதுதான். இரு முனையிலும் டைப்-சி உள்ள தரமான சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை, தாங்கும். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளின் முனைக்குள் அதை அறிவிக்கும் சிறு சில்லு இருக்கும். அது இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தர மறுக்கும், மறுக்கவும் வேண்டும். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்கு 5 ஆம்பியர் கேபிள் தேவைப்படுவதையும் நினைவில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிளுக்கு அதிவேகத் தரவுப் பரிமாற்றம் வேண்டியதில்லை. அதற்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளமே போதும்.

டிரிம்மர், சின்ன மின்விசிறி, எமர்ஜென்சி விளக்கு இவற்றில் டைப்-சி துளை இருக்கிறது. ஆனால் புதிய சார்ஜரில் ஏறவே இல்லை. சார்ஜர் பழுதா?

சார்ஜர் பழுதில்லை, இன்னும் சொல்லப்போனால், அது விதிப்படி நடந்துகொள்கிறது. டைப்-சி சார்ஜர் தன் துளையில் எந்நேரமும் மின்சாரத்தை வைத்திருப்பதில்லை. மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக 5.1 கிலோஓம் மின்தடை ஒன்று தென்பட்டால்தான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். சில காசுகள் பெறும் அந்த மின்தடையை, மலிவான கருவிகளின் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். துளையின் வடிவம் டைப்-சி. உள்ளே இருப்பது பழைய சுற்று. இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் அவற்றைச் செருகினால் சார்ஜருக்கு அங்கே யாருமில்லை என்றே தோன்றும்.

தீர்வு எளியது. பழைய அகன்ற டைப்-ஏ துளையில் எப்போதும் 5 வோல்ட் இருப்பதால், ஒருமுனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி கேபிளில் அந்தக் கருவிகள் சாதாரணமாக ஏறும். இதனால்தான், டைப்-ஏ காலாவதியான பழம்பொருள் என்று பலரும் எழுதிவந்தாலும், சிறு கருவிகள் நிறைந்த வீட்டுக்கு ஒரு டைப்-சி துளையும் ஒரு டைப்-ஏ துளையும் கொண்ட சார்ஜரையே நான் பரிந்துரைக்கிறேன்.

இரண்டு, மூன்று துளைகள் உள்ள சார்ஜரில் எல்லாவற்றுக்கும் முழு வேகம் கிடைக்குமா?

கிடைக்காது. முன்பக்கத்து எண் மொத்தக் கணக்கு. 65 வாட் சார்ஜரில் இரண்டு கருவிகளைச் செருகினால் 45, 20 என்று பிரித்துக்கொடுக்கும் மாதிரிகள் உண்டு. இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இறக்கி 15 வாட்டைப் பங்குபோடும் மாதிரிகளும் உண்டு. இந்தப் பங்கீட்டு அட்டவணை பெட்டியிலோ கையேட்டிலோ இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். இரண்டாவது கருவியைச் செருகும்போது முதலாவது ஒரு நொடி நின்று மீண்டும் தொடங்குவது இயல்பு. சார்ஜர் மறுபடி பேரம் பேசுகிறது, அவ்வளவே.

பிரான்சிலிருந்து வந்த அண்ணன் கொண்டுவந்த சார்ஜரைப் புதுச்சேரியில் பயன்படுத்தலாமா?

நம் ஊரில் அடிக்கடி எழும் கேள்வி இது. மின்சாரத்தைப் பொறுத்தவரை தடையே இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, டேப்லெட் போன்றவற்றுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியிருப்பதால் கேபிளும் பொருந்தும்.

சிக்கல் பின்னில் இருக்கிறது. ஐரோப்பிய சார்ஜரின் உருண்டைப் பின்கள் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ளவை. நம் வீட்டு 5 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் சுமார் 5 மில்லிமீட்டர் பின்னுக்காகச் செய்யப்பட்டது. செருகினால் உள்ளே போகும், ஆனால் இறுகப் பிடிக்காது. தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும்போது பொறி பறந்து, பின்னும் சாக்கெட்டும் கருகுகின்றன. சாக்கெட் புதியதாகவும் இறுக்கமாகவும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆடினால், நம் ஊர்ப் பின் கொண்ட தரமான மாற்றுப் பிளக் ஒன்றை இடையில் போட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் தட்டைப் பின் சார்ஜருக்கும் இதுவே. அங்கே 120 வோல்ட் என்பதால் 240 வரை தாங்குமா என்று உள்ளீட்டு வரியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது போனைத் தொட்டால் மெல்லச் சுரீர் என்கிறது. ஆபத்தா?

இருபின் சார்ஜரில் நில இணைப்பு கிடையாது. மின்னிரைச்சலை அடக்குவதற்காக உள்ளே வைக்கும் சிறு மின்தேக்கி வழியாக மிக நுண்ணிய மின்னோட்டம் கசியும். தரமான சார்ஜரில் அது கால் மில்லிஆம்பியருக்குள் அடங்கும். உலோக விளிம்புள்ள போனை வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொடும்போது அதுவே மெல்லிய அதிர்வாகத் தெரிகிறது. இது இயல்பு. கையை உதறவைக்கும் அளவுக்கு இழுத்தால் இயல்பில்லை. அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையம் அருகே ஒரு நடைபாதைக் கடையில், புகழ்பெற்ற பெயர் அச்சிட்ட சார்ஜர் ஒன்றை அவசரத்துக்கு வாங்கினேன். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. திறந்து பார்த்தபோது, 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளிகூட இல்லை. அந்த இடைவெளியும் மின்மாற்றியின் காப்பும்தான் நம் கைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர். போலிகள் மிச்சம் பிடிப்பது அந்தச் சுவரில்.

திறந்து பார்க்காமலே சரிபார்க்க வழியுண்டு. 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் வழியே இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸில் பதிவு செய்யும் முறை சார்ஜர்களுக்கும் உண்டு. பதிவு பெற்ற சார்ஜரில் அதன் முத்திரையோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் எந்த உற்பத்தியாளருக்கு எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். முத்திரையை யாரும் அச்சிடலாம். ஆகவே எண்ணைச் சோதிக்காத முத்திரைக்கு மதிப்பில்லை. கடையிலேயே நின்று செய்யக்கூடிய ஒரு நிமிட வேலை இது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சட்டை வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். எண் இல்லாத சார்ஜரை மட்டும் எந்தச் சந்தையிலும் வாங்காதீர்கள்.

கடற்கரையோரம் வசிக்கிறோம். புயல் காலத்துக்கு ஏதும் தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். உப்புக்காற்று பின்னிலும் டைப்-சி முனையிலும் பச்சையாகவோ கருப்பாகவோ படியும். தொடர்பு கெட்டு முனை சுடும். மாதம் ஒருமுறை, மின்சாரத்திலிருந்து கழற்றிய நிலையில், உலர்ந்த துணியால் பின்களைத் துடைத்தால் போதும். கடலூர் துறைமுகத்தில் படகேறுகிறவர்களின் போன்கள் துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்துச் சார்ஜ் ஏற மறுப்பதுண்டு. அது சார்ஜரின் குற்றமன்று. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாகத் தட்டி, காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். அரிசித் துகள் உள்ளே போகும்படி அரிசிப் பானைக்குள் புதைப்பது கூடாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பின் கடலூரில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோதும் பவர் பேங்க்தான் கைகொடுத்தது. எச்சரிக்கை வந்த பிறகு பவர் பேங்கை நிரப்பக் கிடைப்பது சில மணி நேரமே. 10,000 மில்லிஆம்பியர்மணி பவர் பேங்கில் ஏறத்தாழ 37 வாட்மணி ஆற்றல் அடங்கும். 10 வாட்டில் அதை நிரப்ப நான்கரை மணி நேரத்துக்கு மேலாகும், 20 வாட்டில் இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் பவர் பேங்கின் உள்ளீடே 10 வாட் என்றால் சார்ஜர் எதுவானாலும் வேகம் அவ்வளவுதான். அதன் முதுகையும் படியுங்கள்.

மின்சாரம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் சார்ஜர் ப்ளக் பாயிண்டில் இருக்கக் கூடாது. அறுந்த நியூட்ரல் கம்பி சரிசெய்யப்படாமல் மின்சாரம் விடப்பட்டால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வரக்கூடும். 240 வோல்ட்டுக்குச் செய்த எந்தச் சார்ஜரும் அதற்குத் தாங்காது.

அரை மணியில் முழு சார்ஜ் என்று விளம்பரம் செய்கிறார்களே?

பாதி வரை விரைவாக ஏறும்; அதன்பின் படிப்படியாகக் குறையும். பேட்டரி நிரம்ப நிரம்ப, லித்தியம் மின்கலத்தைக் காப்பதற்காகப் போனே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் 25 வாட் சார்ஜருக்கும் 65 வாட் சார்ஜருக்கும் வேறுபாடு அநேகமாகத் தெரியாது.

இரவு முழுக்கச் செருகி வைத்தால் மின்கட்டணம் ஏறுமா?

5,000 மில்லிஆம்பியர்மணி பேட்டரியில் சுமார் 19 வாட்மணி ஆற்றல்தான் இருக்கிறது. இழப்பையும் சேர்த்து நாளொன்றுக்கு 25 வாட்மணி என்று வைத்தாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட். கட்டணத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். மெத்தை மேல் வைக்காதீர்கள். போனில் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்.

புதியது வாங்கிய பிறகு பழைய 5 வாட் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

நல்ல நிறுவனத்தின் சார்ஜராக இருந்து, பின் ஆடாமல், உடலில் விரிசல் இல்லாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது டைப்-ஏ துளை. புதிய சார்ஜர் ஏற்க மறுத்த அந்த டிரிம்மருக்கும் எமர்ஜென்சி விளக்குக்கும் அதுதான் பொருத்தம். விரிசல் விட்டிருந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கேபிளோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.